வைன் அஃறிணை

பிரான்சின் பொர்தோ பகுதி வைன்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஷாத்தோ மார்கோ பெண்மை நிறைந்தது, ஷாத்தோ லாத்தூர் ஆண்மை மிக்கது. எழுதுபவரைப் பொறுத்துச் சொற்கள் மாறும். ஒருவர் மார்கோவைப் பட்டு என்பார், இன்னொருவர் நறுமணத் தைலம் என்பார். லாத்தூருக்கு எலும்பு, தசை, கோட்டைச் சுவர். இப்படி எழுதுவதற்கு யாரும் காரணம் சொல்வதில்லை. காரணம் தேவைப்படாத அளவுக்கு அது அங்கே வழக்காகிவிட்டது.

இரண்டும் ஜிரோந்த் ஆற்றின் இடக்கரையில், மெடோக் என்னும் ஒரே பகுதியில் இருக்கும் பண்ணைகள். இடையே சுமார் 20 கிலோமீட்டர். இரண்டிலும் சரளைக்கல் நிலம். இரண்டு வைனிலும் பெரும்பகுதி காபர்நே சோவிஞோன் என்ற ஒரே வகைத் திராட்சை. 1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காகத் தரகர்கள் விலையை வைத்துத் தரப்பட்டியல் போட்டபோது இரண்டுமே முதல் வகுப்பில் இடம்பெற்றன. சரளையின் ஆழம், அடியிலுள்ள களிமண் இவற்றால் இரண்டின் சுவையும் வேறுபடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. மண் மாறினால் சுவை மாறும் என்பது கத்தரிக்காய் வாங்கிச் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த வேறுபாட்டைச் சொல்லக் களிமண், சரளை என்ற சொற்கள் இருக்கும்போது ஆண், பெண் என்ற சொற்கள் எதற்கு வந்தன என்பதுதான் என் கேள்வி.

நான் வகுப்பில் இலக்கணம் நடத்துகிறவள். தொல்காப்பியம் உயர்திணைக்குத்தான் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று பகுக்கிறது. அஃறிணைக்கு ஒன்று, பல என்ற எண்ணிக்கை மட்டுமே உண்டு. ஆகவே தமிழில் வைன் ‘அது’. ஆங்கிலத்திலும் அதுவேதான். ஆனால் வைன் எழுத்தாளருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டால் மூன்றாவது வாக்கியத்தில் அது ‘அவள்’ ஆகிவிடும். பிரெஞ்சில் வைன் என்ற சொல் இலக்கணப்படி ஆண்பால். அது அவர்களைத் தடுக்கவில்லை. வைனின் நிறத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் கலைச்சொல்லின் பொருள் கவுன், அதாவது அவள் உடுத்தியிருக்கும் ஆடை. சதைப்பற்றான வைனைத் ‘தொடை உள்ளது’ என்று பாராட்டும் பழைய வழக்கும் பிரெஞ்சில் உண்டு. கிளாஸைச் சுழற்றி நிறுத்தியதும் உட்சுவரில் வழிந்து இறங்கும் துளிகளுக்கு ஆங்கிலத்தில் ‘கால்கள்’ என்று பெயர். ஆல்கஹால் நீரைவிட வேகமாக ஆவியாவதாலும் பரப்பு இழுவிசை மாறுவதாலும் அந்தத் துளிகள் உருவாகின்றன என்று ஜேம்ஸ் தாம்சன் என்ற இயற்பியலர் எழுதியதும் அதே 1855இல்தான். வைனின் தரத்துக்கும் அந்தத் துளிகளுக்கும் தொடர்பில்லை. இருந்தும் இன்றைக்கும் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. கேசாதிபாதம் படித்த எந்தத் தமிழ் மாணவியும் ஒரு சுவைக்குறிப்பின் கட்டமைப்பை அரை நிமிடத்தில் பிடித்துவிடுவாள். முதலில் நிறம், பிறகு மணம், பிறகு உடலின் திரட்சி, கடைசியாக எவ்வளவு நேரம் நாவில் தங்கினாள். வருணிப்பவன் அசையாமல் இருக்கிறான், வருணிக்கப்படுகிறவள் உறுப்பு உறுப்பாக நகர்த்தப்படுகிறாள். கொங்கையும் அல்குலும் இருந்த இடங்களில் வேறு சொற்கள் வந்திருக்கின்றன. வரிசை அப்படியே இருக்கிறது.

பழைய வைன் என்று வந்துவிட்டால் இந்தச் சொல்லாடல் இன்னும் சுவாரசியமாகிறது. பழையதுக்குத்தானே அங்கே மதிப்பு! இளம் சிவப்பு வைன் ஊதா கலந்த நிறத்தோடு, நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்போடு இருக்கும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் மரப்பீப்பாயிலிருந்தும் வந்த டானின் என்ற பொருளின் வேலை அது. புட்டியில் அடைத்து இருட்டிலும் குளிர்ச்சியிலும் படுக்கவைத்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல டானினும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படிகிறது. ஊதா போய்ச் செங்கல் நிறம் வருகிறது, துவர்ப்பு தணிகிறது. பச்சை வாழைக்காயின் துவர்ப்பு பழுத்ததும் காணாமல் போவதற்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. பழவாசனை குறைந்து காய்ந்த இலை, ஈர மரம், தோல், புகையிலை போன்ற மணங்கள் மேலே வருகின்றன.

இந்த ரசாயனத்தை ஆண் வைனுக்கும் பெண் வைனுக்கும் எப்படி எழுதுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். லாத்தூர் வயதாக ஆக கம்பீரமடைகிறது, ஆழம் கூடுகிறது, கடைசியில் அதிகாரம் வாய்ந்த கிழவராகிறது. மார்கோவுக்கு ஒரு ‘இன்னும்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்னும் வசீகரம், இன்னும் வாடவில்லை, இத்தனை வயதிலும் மெருகு குலையவில்லை. என் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த ‘இன்னும்’ பழக்கமான சொல். கல்யாண வீட்டில் வாசலிலேயே காத்திருக்கும். முப்பது ஆண்டுக்கு முன்பு பார்த்தவர்கள், “இன்னும் அப்படியே இருக்கியே” என்பார்கள். பாராட்டு என்ற பெயரில் கெடு நாள் ஒன்றை நினைவூட்டும் சொல் அது.

இன்னொன்றும் உண்டு. முதிர்ந்த சிவப்பு வைனுக்குரிய உயர்ந்த மணங்கள் என்று எவை பட்டியலிடப்படுகின்றன? சுருட்டுப் பெட்டி, தோல் நாற்காலி, குதிரைச் சேணம், புகையிலை. இவை ஒரு குறிப்பிட்ட வர்க்கத்து ஆங்கிலேய ஆணின் அறையில் இருந்த பொருட்கள். நூறாண்டுகளுக்கு மேல் பொர்தோ வைனை வாங்கி, வைத்திருந்து, மெச்சி எழுதியவன் அவன். அவன் அறையின் மணமே முதிர்ச்சியின் மணமாக நிலைத்துவிட்டது. பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் பூவும் வெல்வெட்டும் மிஞ்சின.

இதைப் படிக்கும் மாணவிக்கு ஒரு கோபம் வந்திருக்கலாம். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இருக்கும் ஊரில், பிரெஞ்சு வைனைப் பற்றிப் பெண்ணியக் கட்டுரையா? அந்தக் கோபம் நியாயமானது. என் தெருவிலேயே குடியால் சிதைந்த வீடுகள் மூன்று உண்டு, அந்தப் பெண்களின் பக்கம்தான் நான். ஆனால் மது என்றால் ஆண் குடிப்பது, பெண் அழுவது என்ற காட்சியிலும், மது என்றால் ஆண் ரசிப்பது, பெண் உவமையாவது என்ற காட்சியிலும் பெண்ணுக்கு நாக்கு இல்லை. இரண்டாவது காட்சியைப் பற்றி இங்கே பேசுகிறேன். முதலாவதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இந்த மாநிலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2019இல் ஒரு கருத்தரங்குக்காகப் பாரிஸ் போயிருந்தேன். அங்கே வாழும் புதுச்சேரித் தோழி ஒருத்தி, “இவ்வளவு தூரம் வந்துட்டு பொர்தோ பாக்காம போறதா அக்கா” என்று ரயிலேற்றிவிட்டாள், அவளும் கூட வந்தாள். இரண்டு மணி நேரப் பயணம். நகரின் நடுவில் ஒரு கடை. சுவரோரமாகக் கண்ணாடி இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் திறந்த புட்டிகள். வைன் காற்றுப் பட்டுக் கெடாமலிருக்க உள்ளே ஒரு வாயுவை நிரப்பி வைத்திருக்கிறார்கள். பணம் போட்ட அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் 25 மில்லி விழும். இருமல் மருந்து அளவு. ஷாத்தோ மார்கோ 1996. அந்தத் துளிக்குக் கொடுத்த யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்கக் கூடாது என்று தோழி சத்தியம் வாங்கியிருந்தாள்.

கடையில் இருந்த இளைஞர் மரியாதையாக வந்து நின்றார். நாங்கள் வாயில் வைக்கும் முன்பே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். தோழி சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். “ரொம்பப் பெண்மையான வைனாம்.” பிறகு என்னிடம், “உடனே முழுங்கிடாதீங்க அக்கா, வாயில கொஞ்சம் வச்சிருங்க” என்றாள்.

அன்று இரவு என் நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். ‘விளிம்பில் செங்கல், நடுவில் மாதுளை. முதலில் பென்சில் சீவின தூள். பள்ளிக்கூடம். கொஞ்ச நேரத்தில் நாவல், ஆனால் மரத்தடியில் விழுந்து நசுங்கி ஒரு நாளான நாவல். பிறகு மழைக்கு முந்தின மண். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி (காலியானது). வாயில் புளிப்பு முன்னே வருகிறது, துவர்ப்பு பின்னே வருகிறது. துவர்ப்பு கொட்டைப்பாக்கு போல, ஆனால் மென்று முடித்து, துப்பி, வாய் கொப்பளித்தபின் கன்னத்துக்குள் மிஞ்சுகிற அளவு. ரயில் நிலையம் வரும்வரை இருந்தது.’

இதில் பெண் எங்கே? என் பாட்டி இருக்கிறாள், அவளும் வெற்றிலைப் பெட்டியின் சொந்தக்காரியாக வருகிறாள். அவள் போல இருக்கிறது என்று நான் எழுதவில்லை.

நாக்கு காய்ந்து சுருங்குவதுபோல் இருக்கிறது என்று தோழி வழியாக அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. டானின் பட்டுப் போல இருக்கிறது என்று திருத்தினார். அங்கே துவர்ப்பு என்பது பெரும்பாலும் குறை சொல்லும் சொல். அறிவியலாரில் பலர் அதைச் சுவையாகவே கணக்கில் எடுப்பதில்லை. டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய்க்குள் வழவழப்பு போய்ச் சொரசொரப்பு தோன்றுகிறது, ஆகவே அது தொடுவுணர்வு என்கிறார்கள். நம்மிடம் அது அறுசுவையில் ஒன்று. நெல்லிக்காயும் கடுக்காயும் வாழைப்பூவும் மாவடுவும் பழகிய நாக்குக்குத் துவர்ப்பில் பல படிகள் தெரியும். ருசி என்பதற்கே பயிற்சி பெறாத வெளியாளாக அந்தக் கடையில் நான் நிறுத்தப்பட்டேன். சிவப்பு வைனில் எது மையமோ அதற்கு என் மொழியில் நேரான, பழைய, வீட்டுச் சொல் இருந்தது. பட்டு என்று சொல்லித் துவர்ப்பை மறைக்க வேண்டிய அவசியம் அவருக்குத்தான் இருந்தது. ஏனென்றால் மார்கோ பெண், பெண் துவர்க்கக் கூடாது. 20 கிலோமீட்டர் வடக்கே போனால் இதே டானினுக்கு முதுகெலும்பு என்று பெயர்.

சொல் முந்திக்கொண்டு வந்து புலனை வழிநடத்துகிறது என்பதற்கு அதே பொர்தோவில் நடந்த ஓர் ஆய்வு சாட்சி. ஜில் மோரோ, ஃப்ரெதெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியூ மூவரும் 2001இல் வெளியிட்டது. வைன் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை வைனையும் ஒரு சிவப்பு வைனையும் கொடுத்து மணங்களை எழுதச் சொன்னார்கள். அடுத்த சுற்றில் அதே வெள்ளை வைனையே இரண்டு கிளாஸ்களில் கொடுத்தார்கள். ஒன்றில் மணமற்ற சிவப்பு நிறமி கலந்திருந்தது. மாணவர்கள் நிறமூட்டிய வெள்ளை வைனில் சிவப்பு வைனுக்குரிய மணங்களைக் கண்டுபிடித்து எழுதினார்கள். வைன் நிபுணர்களின் குறிப்புகளை ஆராய்ந்தபோதும், சிவப்பு வைனுக்கு இருண்ட நிறப் பொருட்களும் வெள்ளை வைனுக்கு வெளிர் நிறப் பொருட்களுமே உவமையாக வந்திருந்தன. மூக்கு கண்ணைக் கேட்டு எழுதியிருக்கிறது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் வழக்கமாக வைன் நிபுணர்களைக் கேலி செய்வதற்காகக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கேலியில் ஆர்வமில்லை. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை, முகர்ந்ததாகத்தான் நம்பினார்கள். பெண்மை என்ற சொல்லும் அப்படிப்பட்ட ஒரு நிறமி. மணமில்லாதது, ஒரு துளி போதும், கிளாஸ் முழுவதும் பரவும். அந்த இளைஞர் அந்தத் துளியை எங்கள் கிளாஸில் விட்டுவிட்டுத்தான் குடிக்கச் சொன்னார். மாணவியரின் ஆய்வேடுகளைத் திருத்தும்போதும் இதைப் பார்க்கிறேன். கவிஞர் பெண் என்று தெரிந்ததும் விமர்சகர்களுக்கு மென்மை தெரிய ஆரம்பிக்கிறது. அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்?

இந்தப் பெண்மைப் பாராட்டு நடந்துகொண்டிருந்த காலத்தில் உண்மையான பெண்கள் வைனுக்கு எவ்வளவு அருகில் அனுமதிக்கப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கான பெண் அருகில் வந்தால் புது வைன் புளித்துவிடும் என்று முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் ப்ளினி எழுதிவைத்தார். அவரோடு அது முடியவில்லை. பர்கண்டி பகுதியில் மினோ என்ற கிராமத்துப் பெண்களின் வாழ்வை ஆராய்ந்து இவோன் வெர்தியே என்ற மானுடவியலாளர் 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பன்றிக்கறி ஊறும் உப்புத் தொட்டியின் பக்கம் போகக் கூடாது, போனால் கறி கெட்டுவிடும் என்பது வழக்கம். நிலவறையில் இருக்கும் வைனுக்கும் அதே அச்சம்.

உப்புத் தொட்டி என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுப் பீங்கான் ஜாடி ஞாபகம் வந்தது. ‘தூரம்’ ஆன நாட்களில் ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். மாங்காயைத் தேர்ந்தெடுத்து, நறுக்கி, உப்பிட்டு, வெயிலில் வைத்து, கல்லெண்ணி மிளகாய் அரைத்தவளும் அவள்தான். ஜாடியை நான்கு நாட்கள் கெடுக்கக் கூடியவளும் அவளே. உப்பிலும் நொதிப்பிலும் மெல்ல மாறும் பொருளின் மீது இவ்வளவு தொலைவிலுள்ள இரண்டு சமூகங்களும் ஒரே தடையைப் போட்டிருக்கின்றன. மாறும் பொருளுக்கும் மாறும் உடலுக்கும் ஏதோ ரகசியப் பேச்சு நடக்கிறது என்ற பயம் போலும். நிலவறைக்குள் நுழைந்தால் வைன் கெட்டுவிடும் என்று அஞ்சப்பட்ட உடலின் பெயர், அந்த நிலவறையிலிருந்து வெளியே வந்த சிறந்த வைனுக்குப் பட்டமாகச் சூட்டப்படுகிறது. இதை முரண் என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் ஒரே வேலையின் இரு கைகள். உடலை வெளியே நிறுத்தினால்தான் உவமையை உள்ளே கொண்டுவர முடியும்.

தோட்டத்திலும் வேலை பிரிக்கப்பட்டிருந்தது. மெடோக்கில் கொடியைக் கவாத்து செய்வது ஆணின் வேலை. அது திறமை. வெட்டி விழுந்த குச்சிகளைக் குனிந்து பொறுக்குவதும், மிஞ்சிய கொடியைக் கம்பியோடு வளைத்துக் கட்டுவதும் பெண்ணின் வேலை. அது கூலி. நம் வயலில் உழவும் நாற்று நடவும் போல. கவாத்துக் கத்தியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கட்டுகிற விரல்களைப் பற்றி, அதுவும் பனிக்காலத்தில் கட்டுகிற விரல்களைப் பற்றி, சுவைக்குறிப்புகளில் நான் ஒன்றும் படித்ததில்லை.

சொத்தாக வைனைக் கையாண்ட பெண்களும் வரலாற்றில் உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று கவனியுங்கள். 1804இன் நெப்போலியன் சட்டத் தொகுப்பு மணமான பெண்ணைக் கணவனுக்குக் கீழ்ப்படிய வைத்தது. அவன் சம்மதமின்றி அவள் வணிகம் செய்ய முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. பார்ப் நிக்கோல் போன்சார்தான் என்ற பெண் 1805இல் கணவனை இழந்தபோது வயது 27. ஷாம்பெய்ன் தொழிலைத் தானே நடத்திப் பெரிதாக்கினார். இன்றைக்கும் அந்தப் புட்டியில் ‘கைம்பெண் கிளிக்கோ’ என்று பொருள்படும் பெயர்தான் இருக்கிறது. நம் ஊரில் முகத்தில் விழிக்கக் கூடாதவள் என்று ஒதுக்கப்பட்ட நிலை, அங்கே கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்த நிலை. பிரான்சில் மணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் சட்டம் வழிவிட்டது 1965இல்தான். என் அம்மா பள்ளிக்கூடம் முடித்த காலம்.

மார்கோவின் கதையும் இறப்பு வழியாகத்தான் பெண்ணிடம் வருகிறது. 1977இல் ஆந்த்ரே மென்ட்ஸெலோபுலோஸ் நொடித்துப்போயிருந்த அந்தப் பண்ணையை வாங்கினார், 1980இல் இறந்தார். மகள் கொரின் பொறுப்பேற்றார். வைன் படித்தவரல்ல. போல் போந்தாலியே என்ற இளம் வைன் நிபுணரை 1983இல் சேர்த்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நடத்தினார். நான் குடித்த 1996 அவர்கள் காலத்தது. ‘பெண்மையான வைன்’ என்ற பட்டம் அவர் வருவதற்கு வெகு முன்பே இருந்தது. அவர் வந்தபின் அதற்குப் புது விளக்கம் கிடைத்தது. பெண் நடத்துகிறாள், அதனால் வைன் பெண்மையாக இருக்கிறது! முதலீடு, வடிகால், புதுப் பீப்பாய்கள், தரம் குறைந்த பழத்தைக் கழித்து இரண்டாம் வைனுக்கு அனுப்பும் கண்டிப்பு என்று அங்கே நடந்தவை அத்தனையும் ஒரு பெண்ணின் இயல்பாகச் சுருங்கிவிட்டன.

ஒரு பெண் மதுவைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சான்று இருக்கிறது. வைனோடு நமக்கு உள்ள உறவு நேரடியானதும்கூட. அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கலத்தில் எடுத்துக் கொடுக்க, அவன் குடித்து மகிழட்டும் என்கிறார். இந்தப் பாட்டில் பெண்ணுக்கு வளை இருக்கிறது, கலம் ஏந்தும் கை இருக்கிறது. அந்த மது எப்படி இருந்தது என்று அவளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதே தொகுப்பில் ஔவையார் இருக்கிறார். அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டில், கள் கொஞ்சம் கிடைத்தால் அவன் அதைத் தனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தன்னைப் பாடவைத்துத் தானும் உண்பான் என்று நினைத்துக்கொள்கிறார். ஊற்றிக் கொடுப்பவன் அங்கே அரசன். அவன் மகனைப் பாடும் 392இல் நாட்பட்ட தேறல் வருகிறது. அது எப்படி இருந்ததாம்? தேள் கொட்டினாற்போல. இந்த உவமையை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பொர்தோ போய் வந்தபின் நடத்தியபோதுதான் அதன் துல்லியம் முழுதாகப் பிடிபட்டது. அது மதுவை இன்னொரு உடலாக மாற்றவில்லை, குடித்தவளின் உடலில் என்ன நடந்தது என்று சொல்கிறது. சுரீர் என்று ஏறுவதும் கடுகடுவென்று நிற்பதும் அதற்குள் இருக்கின்றன. முதிர்ந்த மதுவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட தொல் சுவைக்குறிப்புகளில் ஒன்று பெண் எழுதியது என்பதை நம் பாடநூல்கள் ஏன் இவ்வளவு அடக்கமாகக் கடந்துபோகின்றன? ‘ஔவைப் பாட்டி’ கள் குடித்தாள் என்று சொல்லக் கூச்சம். அதனால் அவளுக்கு ஆத்திசூடியை மட்டும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறோம். அவள் வேறு ஔவை என்பது தெரிந்தும்.

மேலைநாட்டில் இந்தச் சொற்குழப்பத்தைச் சரிசெய்ய முயன்றவரும் ஒரு பெண்தான். ஆன் நோபல் என்ற புலனறிவியலாளர் 1974இல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தின் வைன் துறையில் சேர்ந்தார், அத்துறையின் முதல் பெண் ஆசிரியர். 1984இல் மணச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். நடு வட்டத்தில் பழம், மசாலா, மரம், மண் என்ற பொதுப்பிரிவுகள், வெளிவட்டத்தில் குறிப்பான பொருட்கள். கம்பீரம், நளினம், ஆண்மை, பெண்மை எதற்கும் அதில் இடமில்லை. ஒரு மணத்தைச் சொன்னால் எதிரே இருப்பவர் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். அதற்கு அவர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண வைனில் சமையலறைப் பொருட்களைச் சிறிது கலந்து மாதிரிகள் தயாரிப்பது. டின் தண்ணீர்விட்டானின் தண்ணீர் சில துளி, ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு கிராம்பு, பழ ஜாம். பெரிய மனிதரின் சுருட்டறையில் இருந்த அதிகாரத்தை எடுத்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டார்.

ஆனால் அது யாருடைய அடுக்களை? சக்கரத்தின் வெளிவட்டத்தில் இருப்பவை அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் கிடைப்பவை. கருந்திராட்சை வகை, ராஸ்பெர்ரி, கூனைப்பூ. இதை நோபலின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அவரவர் ஊரில் கிடைப்பதை வைத்துத்தான் பயில வேண்டும் என்பது அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. குற்றம் அதைப் பாடத்திட்டமாக்கி, ராஸ்பெர்ரியை ஒருமுறையும் கண்ணால் காணாத சென்னை, பெங்களூர் ஹோட்டல் நிர்வாக மாணவிகளை அதை மனப்பாடம் செய்யவைப்பதில் இருக்கிறது. ஆண்மை, பெண்மை என்ற நிறமியைக் கழுவிவிட்டு வேறொரு நிறமியைக் கலக்கிறோம். கண்ட பழத்தைச் சொல்லாமல் காணாத பழத்தைச் சொன்னால் மதிப்பெண்.

போன பருவத்தில் முதுகலை வகுப்புக்கு ஒன்பது சின்னப் புட்டிகளைக் கொண்டுபோனேன். வைன் இல்லை, கல்லூரியில் வேலை பார்க்க வேண்டுமே. வாயில் துணி கட்டி, எண் ஒட்டி, உள்ளே நாவற்பழம், கொட்டைப்பாக்கு, கடுக்காய், பென்சில் சீவல், நனைத்த செம்மண், வெற்றிலை, பழைய தோல்பையிலிருந்து வெட்டிய துண்டு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு. கண்ணை மூடி முகர்ந்து, தோன்றியதை எழுதச் சொன்னேன். மென்மை, கம்பீரம் போன்ற சொற்களுக்குத் தடை. முதல் இரண்டு புட்டிக்குத் திணறினார்கள். பிறகு தாளைக் கேட்டு வாங்கி எழுதினார்கள். கடுக்காய்க்கு ஒருத்தி ‘ஆச்சி வீட்டுப் பரண்’ என்றும் இன்னொருத்தி ‘துருப்பிடித்த டிரங்குப்பெட்டி’ என்றும் எழுதியிருந்தார்கள். செம்மண்ணை ‘பஸ் ஏறுமுன் எங்க ஊர்’ என்றாள் ஒருத்தி. ஒன்பதாம் எண், கிராம்பு. புது ஓக் பீப்பாயிலிருந்து வைனுக்கு வருவதும், மார்கோவிலும் லாத்தூரிலும் சம அளவில் புகழப்படுவதுமான மணம் அது. பதினேழு பேரில் பதினொரு பேர் ‘பல்வலி’ என்று எழுதியிருந்தார்கள்.